கடைக்குள் பிறந்த சிம்பொனி

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் யாரையாவது சந்திக்க இடம் சொல்ல வேண்டுமென்றால், பழைய ஆட்கள் 'கழுகுகிட்ட வந்துடு' என்பார்கள். எந்தக் கழுகு என்று எதிராளி கேட்கமாட்டார். மார்க்கெட் தெருவும் 13-வது தெருவும் சேரும் இடத்தில், சிட்டி ஹாலுக்கு எதிரில் நிற்கும் 12 மாடிக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வெண்கலக் கழுகுதான் அது. எடை 2,500 பவுண்டு, அதாவது ஒரு டன்னுக்கும் மேல். அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகவே தரைக்கு அடியில் கூடுதல் உத்தரங்கள் கொடுத்திருக்கிறார்கள்.

கழுகின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஏழு மாடி உயரத்துக்கு ஒரே வெட்டவெளி. சுமார் 150 அடி. சுற்றிலும் அடுக்கடுக்காக வளைவு வைத்த மாடங்கள். ஒரு பக்கச் சுவரில் தங்க நிறத்தில் பெரிய பெரிய குழாய்கள் அணிவகுத்து நிற்கின்றன. முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ மாதா கோயிலுக்குள் நுழைந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

ஆனால் இது கோயில் இல்லை. துணிமணி, செருப்பு, சென்ட் பாட்டில் விற்ற கடை! 'வானமேக்கர்ஸ்' என்ற புகழ்பெற்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர். அந்தத் தங்கக் குழாய்கள், முழுமையாக வேலை செய்யும் பைப் ஆர்கன்களிலேயே உலகில் பெரியது என்று சொல்லப்படும் கருவியின் முகப்பு. 20-ம் நூற்றாண்டின் ஆர்கன் இசையில் முக்கியமான படைப்பு ஒன்று முதன்முதலாக ஒலித்ததும் இங்கேதான், ஒரு டிசம்பர் மாதத்தில்.

அந்தக் கடை இப்போது இல்லை. 2025 மார்ச் 23-ம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

காற்றில் இயங்கும் பூதம்

பைப் ஆர்கன் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கதை இன்னும் நன்றாகப் புரியும்.

ஆர்மோனியப் பெட்டியில் துருத்தியை ஒரு கையால் அமுக்கி, இன்னொரு கையால் கட்டைகளை அழுத்துகிறோம். காற்று உள்ளே இருக்கும் மெல்லிய உலோக நாக்குகளை அதிரவைத்து ஒலி தருகிறது. பைப் ஆர்கனிலும் காற்றுதான் மூச்சு. ஆனால் இதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிக் குழாய். அதே ஸ்வரம் புல்லாங்குழல் போலக் கேட்க ஒரு குழாய், வயலின் போலக் கேட்க ஒரு குழாய், ட்ரம்பெட் போல முழங்க ஒரு குழாய் என்று வரிசை வரிசையாக வைத்திருப்பார்கள். எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்பவர் 'ஸ்டாப்' எனப்படும் சிறிய திறப்புகளால் முடிவு செய்வார். கைகளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாகக் கீபோர்டுகள். கால்களுக்கும் தனியாக ஒரு கீபோர்டு.

வானமேக்கர் ஆர்கனில் இன்று 28,750 குழாய்கள் இருக்கின்றன. கீபோர்டுகள் மட்டும் ஆறு. மிகச் சிறிய குழாய் பென்சில் அளவுகூட இருக்காது. மிகப் பெரியவை 32 அடி வகை. அவற்றின் அடிமட்ட ஒலி நொடிக்குச் சுமார் 16 அதிர்வுகள்தான். மனிதக் காதின் எல்லை கிட்டத்தட்ட அதோடு முடிகிறது. அந்த ஒலியைக் காதால் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் உணர்கிறோம் என்பதே சரி.

இன்னொரு விஷயம் முக்கியம். வீணையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். பியானோவைக்கூட லாரியில் ஏற்றிவிடலாம். இவ்வளவு பெரிய ஆர்கனை அப்படி நகர்த்த முடியாது. அது கட்டடத்தின் சுவர்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. அந்த உயரமான கூடமும் அதில் சுழலும் எதிரொலியும் சேர்ந்துதான் ஆர்கன். கட்டடத்தை மாற்றினால் ஆர்கனின் குரலும் மாறிவிடும்.

13 ரயில் பெட்டிகளில் வந்தது

நகர்த்த முடியாத இந்தக் கருவி, ஒரே ஒரு முறை நகர்ந்திருக்கிறது.

1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஓர் ஆர்கன் நிறுவனம் 10,000-க்கும் அதிகமான குழாய்களுடன் ஒரு ராட்சதக் கருவியைக் கட்டியது. செலவு கைமீறிப் போய், நிறுவனமே திவாலானது. ஆனாலும் கண்காட்சியில் அந்த ஆர்கன் பேர் வாங்கியது. பிரான்ஸிலிருந்து வந்த அலெக்ஸாந்தர் கில்மான் என்ற பெரியவர் அதில் 40 கச்சேரிகள் நிகழ்த்தினார். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சி முடிந்தது. ஆர்கனைப் பிரித்துக் கிடங்கில் போட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்த அதை 1909-ல் விலைக்கு வாங்கியவர் ஜான் வானமேக்கர். 1861-ல் ஓர் ஆண்கள் துணிக்கடையாக வியாபாரத்தைத் தொடங்கியவர். பேரம் பேசும் வழக்கத்தை ஒழித்து, ஒரே விலை என்று சீட்டு ஒட்டி விற்பதை அமெரிக்காவில் பரப்பியவர்களில் ஒருவர். அவரும் இசைப் பிரியரான மகன் ராட்மனும், தாங்கள் கட்டிக்கொண்டிருந்த புதிய கடையின் நடுக்கூடத்தை இசையால் நிறைக்க ஆசைப்பட்டார்கள்.

பிரித்த ஆர்கன் 13 சரக்கு ரயில் பெட்டிகளில் பிலடெல்பியா வந்து சேர்ந்தது. பொருத்தி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 1911 ஜூன் 22 அன்று, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய அதே நேரத்தில், முதல் முறையாகக் கடைக்குள் அது ஒலித்தது. அதே ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி அமெரிக்க அதிபர் டாஃப்ட் நேரில் வந்து கட்டடத்தைத் திறந்துவைத்தார். நடுக்கூடத்துக் கழுகும் அதே செயின்ட் லூயிஸ் கண்காட்சியிலிருந்து வந்ததுதான்.

வாசித்துப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. ஏழு மாடி உயரக் கூடத்துக்கு 10,000 குழாய்களின் ஒலி போதவில்லை! வானமேக்கர்கள் சளைக்கவில்லை. கடையின் மேல்மாடியிலேயே ஓர் ஆர்கன் பட்டறையைத் தொடங்கினார்கள். 1917-க்குள் மேலும் 8,000-க்கும் அதிகமான குழாய்கள் சேர்ந்தன. கீழே வியாபாரம், மேலே குழாய் வார்ப்பு! அப்படி ஒரு கடையை வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

பிரான்ஸிலிருந்து வந்த விருந்தாளி

1921-ன் இறுதியில் வானமேக்கர் நிறுவனத்தின் ஏற்பாட்டில் அமெரிக்காவுக்கு முதல் முறை வந்தார் மார்செல் டுப்ரே. அப்போது வயது 35.

பிரான்ஸின் ரூவன் நகரத்தில் 1886-ல் பிறந்தவர். அப்பாவும் ஆர்கன் கலைஞர். 12 வயதிலேயே ஊர்த் தேவாலயம் ஒன்றின் ஆர்கன் பொறுப்பு மகனிடம் வந்தது. பாரிஸில் படித்தார். 1920-ல், பாஹ் எழுதிய ஆர்கன் படைப்புகள் அனைத்தையும் 10 கச்சேரிகளில் நோட்ஸ் பார்க்காமல் மனப்பாடமாகவே வாசித்து, பாரிஸையே அசரவைத்தார்.

பாரிஸில் அவருக்கு ஆர்கன் சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? அலெக்ஸாந்தர் கில்மான்! செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் 40 கச்சேரிகள் வாசித்தாரே, அதே பெரியவர். அவர் 1911-ல் காலமாகிவிட்டார். குருவின் விரல் பட்ட அதே ஆர்கனில், 17 ஆண்டுகள் கழித்து, வேறு ஊரில், சீடரின் விரல்கள் விளையாடப் போகின்றன.

டுப்ரேயின் தனித்திறமை மனோதர்மம். யாராவது ஒரு மெட்டைக் கையில் கொடுத்தால் போதும், அந்த இடத்திலேயே அதை வைத்து மாளிகை கட்டிவிடுவார். பிரெஞ்சு ஆர்கன் கலைஞர்களுக்கு இது வழிவழியாக வரும் வித்தை. ஞாயிறு வழிபாட்டில் பாதிரியார் பீடத்துக்கு நடந்துவரும் நேரத்தை எப்படியாவது இசையால் நிரப்ப வேண்டுமே! நடை மெதுவாக இருந்தால் இசையும் நீள வேண்டும். நடை முடிந்தால் இசையும் அழகாக முடிய வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்து இதைச் செய்ய முடியாது.

1921 டிசம்பர் 8. வானமேக்கர் கடையின் நடுக்கூடத்தில் டுப்ரே ஆர்கன் முன் உட்கார்ந்தார். அவர் கையில் சில பழைய லத்தீன் தேவாலயப் பாடல்களின் மெட்டுகளைக் கொடுத்தார்கள். அவற்றைப் பார்த்தவுடன் அவருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. இந்த மெட்டுகளைச் சரியாக அடுக்கினால் அது இயேசுவின் வாழ்க்கையாகிவிடுமே! உலகம் மீட்பருக்காகக் காத்திருப்பது, பிறப்பு, சிலுவை மரணம், உயிர்ப்பு. நான்கு பகுதிகள். ஒரு முழு சிம்பொனி.

அப்படியே வாசித்தார். கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில், ஒரு கடைக்குள், எழுதப்படாத ஒரு சிம்பொனி பிறந்தது. கடைசி ஸ்வரம் கூடத்தில் கரைந்தபோது அந்த இசையும் கரைந்துபோனது.

காகிதத்தில் ஏறிய காற்று

மனோதர்ம இசையின் அழகும் சோகமும் அதுதான். அந்த நேரத்தில் அங்கே இருந்தவருக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்கு இல்லை. டுப்ரே தன் வாழ்நாளில் இப்படி எத்தனையோ சிம்பொனிகளைக் காற்றில் எழுதினார். பெரும்பாலானவை காற்றோடு போயின.

பிலடெல்பியாவில் பிறந்ததை மட்டும் போகவிட அவருக்கு மனம் வரவில்லை. நினைவிலிருந்து அதை மீட்டு, செதுக்கி, 1924-ல் முழுப் படைப்பாக எழுதி முடித்தார். 'சிம்பொனி பாஸியோன்' என்று பெயர் வைத்தார். தமிழில் 'திருப்பாடுகளின் சிம்பொனி' எனலாம். எழுதப்பட்ட வடிவத்தில் அதை முதன்முதலாக 1924 அக்டோபர் 9 அன்று லண்டனில் வாசித்தார். கடையில் பிறந்த இசை, வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் என்ற பெரிய கத்தோலிக்கத் தேவாலயத்தில் அரங்கேறியது. மன்னர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே வேறு, இந்தச் செங்கல் கதீட்ரல் வேறு.

ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும் படைப்பு இது. முதல் பகுதியின் தாளமே நிலையில்லாமல் தடுமாறும். நான்கு நான்காக எண்ணப் போனால் பிடி நழுவும். ஐந்து, ஏழு என்று கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். இருட்டில் வழி தெரியாமல் அலையும் உலகம் அது. நடுவில் அமைதியாக ஒரு பழைய பாடல் எட்டிப்பார்க்கும். முடிவில் அதே பாடல் பேரொலியாக எழும்.

இரண்டாவது பகுதி, பிறப்பு. ஓபோ என்ற குழல் போன்ற தனிக் குரலில் ஒரு மேய்ப்பனின் தாலாட்டு. பிறகு, தூரத்திலிருந்து ஞானிகள் நடந்துவருவது போல ஒரு நடை. கடைசியில், உலகெங்கும் கிறிஸ்துமஸ் இரவில் பாடப்படும் 'அதெஸ்தே ஃபிதேலெஸ்' பாட்டு மெல்லக் கேட்கும். தேவாலயம் பக்கமே போகாதவர்களுக்கும் இந்த மெட்டு எங்கேயோ கேட்டது போல இருக்கும்.

மூன்றாவது பகுதிதான் நெஞ்சைப் பிசைவது. கால் கீபோர்டில் ஒரே அடி, திரும்பத் திரும்ப. பாரமான சிலுவையைச் சுமந்து ஒருவர் நடக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் சுமை கூடுகிறது. ஒலி ஏறி ஏறி ஓர் இடத்தில் இடிந்து விழுகிறது. அதற்குப் பிறகு வரும் அமைதியில், சிலுவையடியில் நிற்கும் தாயைப் பற்றிய 'ஸ்டாபாட் மாத்தெர்' பாடல் தனியாக, சன்னமாகக் கேட்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய்க்கும் பொருந்தும் ஒலி.

நான்காவது, உயிர்ப்பு. அடியில் பெரிய குழாய்கள் ஒரு மெட்டை நீட்டி நீட்டி ஒலிக்க, மேலே மெல்லத் தொடங்கும் இசை படிப்படியாக வேகம் எடுக்கும். முடியும்போது கருவியின் முழு மூச்சும் வெளியே வந்துவிடும்.

இன்று உலகின் பல நாடுகளில், பெரிய ஆர்கன் இருக்கும் தேவாலயங்களிலும் அரங்குகளிலும் இதை வாசிக்கிறார்கள். டுப்ரே 1934-ல் பாரிஸின் செயின்ட் சுல்பீஸ் தேவாலயத்தின் ஆர்கன் பொறுப்பை ஏற்று, 1971-ல் இறக்கும்வரை அங்கேயே வாசித்தார். அவரிடம் படித்த ஒலிவியே மெஸியான், 20-ம் நூற்றாண்டின் பெரும் இசையமைப்பாளர்களில் ஒருவரானார்.

80 ஆண்டுகள் காத்திருந்த இசை

இதே கடைக்காக எழுதப்பட்ட இன்னொரு இசையின் கதை நேர் எதிரானது. ஆர்கனும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க ஒரு படைப்பு வேண்டும் என்று பெல்ஜியத்தின் ஜோசப் யோங்கனைக் கேட்டுக்கொண்டார் ராட்மன் வானமேக்கர். யோங்கன் 1926-ல் எழுதியும் கொடுத்தார். ஆனால் அந்த நேரத்தில் ஆர்கனை விரிவாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நாள் தள்ளிப்போனது. 1928-ல் ராட்மன் காலமானார். அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் அரங்கேறிய இசை, தான் எழுதப்பட்ட இடத்துக்கு மட்டும் வரவேயில்லை.

கடைசியில், 2008-ல்தான் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோடு அது வானமேக்கர் கூடத்தில் ஒலித்தது. கேட்ட கடை முதலாளியும் இல்லை, எழுதிய இசையமைப்பாளரும் இல்லை. ஆனால் காகிதமும் இருந்தது, ஆர்கனும் இருந்தது.

கடை போனது, ஆர்கன்?

இடைப்பட்ட காலத்தில் கடை பல கைகள் மாறியது. வானமேக்கர் குடும்பம் 1978-ல் விற்றுவிட்டது. பெயர்ப் பலகைகள் வந்தன, போயின. 2006-ல் மேஸிஸ் நிறுவனம் வந்தது. ஆர்கனும் ஒரு காலத்தில் பராமரிப்பு குறைந்து, பல குழாய்கள் ஊமையாகிப் போயிருந்தது. 1991-ல் ரசிகர்கள் ஒரு சங்கம் தொடங்கி, பணம் திரட்டி, பகுதி பகுதியாகச் சீராக்கினார்கள். ஞாயிறு தவிர்த்து தினமும் இரண்டு முறை இலவசக் கச்சேரி. மதியம் சட்டை வாங்க வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டுவிட்டுப் போகலாம். 1956-லிருந்து கிறிஸ்துமஸ் காலத்தில் நடந்துவரும் விளக்கு அலங்காரக் காட்சியைத் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை பார்த்திருக்கிறது.

ஆன்லைன் வியாபாரக் காலத்தில் நகர மையத்துப் பெரிய கடைகள் உலகெங்கும் தள்ளாடுகின்றன. மேஸிஸும் கதவை மூடியது. கடைசி நாட்களில் பொருள் வாங்க வந்தவர்களைவிட ஆர்கன் கேட்க வந்தவர்கள்தான் கூடத்தை நிறைத்தார்கள். மாடங்களிலெல்லாம் ஆட்கள். 1989-லிருந்து அங்கே தலைமைக் கலைஞராக இருக்கும் பீட்டர் ரிச்சர்ட் கான்ட்டே உள்ளிட்டோர் வாசித்தார்கள்.

கட்டடத்தின் புதிய உரிமையாளர்கள், மேல்மாடிகளைக் குடியிருப்புகளாகவும் கீழ்த்தளங்களைக் கடைகளாகவும் மாற்றத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆர்கனையும் கழுகையும் காப்பாற்றுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடை மூடிய அதே ஆண்டில், பிலடெல்பியாவின் ஓபரா நிறுவனம் அந்தக் கூடத்திலேயே நிகழ்ச்சிகள் நடத்தத் தொடங்கியது.

ஆனாலும் கவலை தீர்ந்துவிடவில்லை. ஆர்கனை உடைக்காமல் வைத்திருப்பது ஒன்று, அதை வாழவைப்பது வேறு. தினமும் வாசிக்காத ஆர்கன் துருப்பிடிக்கும். தோல் வார்கள் காயும். தூசி குழாயை அடைக்கும். டிக்கெட் இல்லாமல், முன்பதிவு இல்லாமல், போகிற வருகிற யாரும் கேட்க முடிந்தது என்பதுதான் இந்தக் கருவியின் தனிச்சிறப்பு. டுப்ரேயின் சிம்பொனி காகிதத்தில் ஏறியதால் எங்கே வேண்டுமானாலும் வாழும். அந்த இசை பிறந்த கூடத்தின் எதிரொலியைக் காகிதத்தில் ஏற்ற முடியாது.

போகிறவர்களுக்கு

* பிலடெல்பியா, நியூயார்க்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். வானமேக்கர் கட்டடம் சிட்டி ஹாலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

* கடை மூடிய பிறகு பழையபடி எப்போதும் உள்ளே போக முடியாது. கச்சேரி, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று எப்போது கூடம் திறக்கிறது என்பதை முன்பே விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

* சில நிமிட நடைத் தூரத்தில் ரீடிங் டெர்மினல் மார்க்கெட். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேர்போன பழைய சந்தை. கிழக்கே நடந்தால் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட இண்டிபென்டன்ஸ் ஹாலும் லிபர்ட்டி மணியும் வந்துவிடும்.

* ஆர்கன் பித்து பிடித்தவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இர்வின் அரங்கில், 1926-ல் நகரத்தில் நடந்த கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய ஆர்கன் இருக்கிறது. ஊருக்கு வெளியே லாங்வுட் கார்டன்ஸ் பூங்காவில் 10,010 குழாய்கள் கொண்ட இன்னொன்று இருக்கிறது.

* போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்கலாம். டுப்ரேயின் பெயரோடு 'சிம்பொனி பாஸியோன்' என்று தேடினால் பல பதிவுகள் கிடைக்கும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பெரிய குழாய்களின் ஒலி அந்தச் சின்ன ஓட்டையில் வராது. நல்ல ஹெட்போன் வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் மூன்றாவது பகுதியை மட்டும் கேளுங்கள். அந்தக் காலடி தொடங்கும்போது ஒலியைக் கூட்டிவைக்காதீர்கள், பின்னால் அது தானாகவே கூடும்.